குத்தல்மொழியும் நம் மறுமொழியும்





வசை என்பது ஒன்று. குத்தல்மொழி என்பது வேறொன்று. வைகிறவன் எதிரே நின்று வைகிறான். அவன் முகம் சிவந்திருக்கும், குரல் உயர்ந்திருக்கும். அவன் நமக்குப் பகைவன் என்பதை நாமும் அறிவோம், ஊரும் அறியும். குத்தல்மொழி பேசுகிறவனோ பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டே சொல்லுகிறான். பல வேளைகளில் நம் முகத்தைப் பார்த்துக்கூடச் சொல்லமாட்டான். அடுத்திருப்பவனிடம் பேசுவதுபோல் பேசி, நம் செவியில் விழச் செய்வான். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதென்று நம் பெரியவர்கள் சொன்னது இதனையே.

இந்த ஊசி ஏறியவனுக்கு இரண்டு வழிகளும் அடைபட்டுப் போகின்றன. கோபித்தானாகில், "வேடிக்கையாகச் சொன்னேன், இதற்கா இவ்வளவு கோபம்?" என்று சொன்னவன் வியப்படைவான், கூடியிருப்போரும் அவனோடு சேர்ந்து வியப்படைவர், குத்துப்பட்டவனே பண்பில்லாதவனாக ஆகிவிடுவான். பேசாதிருந்தானாகில், சொன்னதை ஒப்புக்கொண்டான் என்று அதே கூட்டம் தீர்ப்பளித்துவிடும். வசைக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஆகையால் வசையைவிடக் குத்தல்மொழியே நெடுநாள் உறுத்துகிறது.

திரிசரணம் ஏற்ற நமக்கு எவ்வகைக் குத்தல்மொழிகள் வந்து சேருகின்றன என்பதை யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. "பெயரை மாற்றினால் பிறப்பு மாறிவிடுமோ?" என்பது ஒன்று. "நேற்றுவரை மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினீர்கள், இன்றைக்குப் புத்தருக்குப் பூவா?" என்பது ஒன்று. "சலுகைக்காகத்தானே?" என்பது எல்லாவற்றிலும் மலிந்தது. வாடகைக்கு வீடு தேடிப் போகிறவர்கள் கேட்கும் குத்தல்மொழியில் சொல்லே பாதிதான் இருக்கும். "ஓ, புத்திஸ்டா? அப்படியென்றால்..." என்று சொல்லி வீட்டுக்காரர் நிறுத்திவிடுவார். அந்த நிறுத்தத்தில் எத்தனை நூற்றாண்டுகள் அடங்கியுள்ளன என்பதைக் கேட்டவர்கள் அறிவார்கள்.

இதனால் விளைவன யாவை? முன்கூடத்தில் மாட்டியிருந்த பகவன் படம், விருந்தினர் வருகிற நாட்களில் உள்ளறைக்குப் போய்விடுகிற வீடுகளை யாம் கண்டிருக்கிறோம். மாதப் பௌர்ணமிக்கு வந்துகொண்டிருந்த இளைஞர், அலுவலக நண்பர்கள் பார்த்துவிடுவார்களே என்று வருவதை நிறுத்தியதையும் கண்டிருக்கிறோம். வேறு சிலர் கையை ஓங்கி, அடிதடியாகி, காவல் நிலையத்தில் இரவைக் கழித்ததையும் கண்டிருக்கிறோம். சொன்னவன் அன்றிரவு தன் வீட்டில் சுகமாக உறங்கினான். ஆகவே இதைச் சிறு விஷயம் என்று தள்ளிவிடுவதற்கில்லை.

இதற்கு என்ன செய்வதென்று கேட்டால், உடனே எல்லோரும் எடுத்துச் சொல்லுகிற கதை ஒன்று உண்டு. இராஜகிருகத்து வேணுவனத்தில் பகவன் எழுந்தருளியிருந்தபோது, பாரத்துவாச குலத்துப் பிராமணன் ஒருவன் வந்து வாயில் வந்தபடியெல்லாம் ஏசினான். பகவன் அவனை நோக்கி, உன் வீட்டுக்கு உறவினரும் விருந்தினரும் வருவதுண்டா, அவர்களுக்கு உணவு படைப்பதுண்டா, அவர்கள் அதை ஏற்காவிட்டால் அது யாரைச் சேரும் என்று வினவினார். எமக்கே சேரும் என்றான் அவன். அவ்வாறே நீ படைத்த ஏசலை யாம் ஏற்கவில்லை, அது உன்னையே சேர்ந்தது என்றார் பகவன்.

கதை மிக அரியது, அதில் ஐயமில்லை. ஆயினும் அதைச் சொல்லுகிறவர்கள் இரண்டு செய்திகளை விட்டுவிடுகிறார்கள். அந்தப் பிராமணன் ஏன் வந்து ஏசினான்? தன் குலத்தான் ஒருவன் சங்கத்தில் சேர்ந்து துறவியாகிவிட்டான் என்ற ஆத்திரத்தால் ஏசினான். மதம் மாறியவனுடைய சுற்றத்தாரின் ஆத்திரம் அது. நமக்கு இது புதிதா? மற்றொன்று, பகவன் அங்கு வாய்மூடி இருக்கவில்லை. கேள்வி கேட்டார், பதில் வாங்கினார், அந்தப் பதிலிலிருந்தே மறுமொழியை எடுத்தார். ஏசியவன் முடிவில் தானும் துறவு பூண்டான். அப்படியிருக்க, இந்தக் கதையைக் காட்டி, "பொறுத்துக்கொள்ளுங்கள், வாய் திறவாதீர்கள்" என்று குத்துப்பட்டவர்களுக்கு மட்டும் உபதேசம் செய்வது எவ்வாறு பொருந்தும்? பொறுமையைப் பிறருக்கு உபதேசிக்கிறவர்களில் பலர், குத்துகிறவனுக்கு ஒரு சொல்லும் உபதேசித்து யாம் கேட்டதில்லை.

பிறப்பைச் சுட்டிய ஏளனத்துக்குப் பகவன் என்ன மறுமொழி தந்தார் என்பதை அறிய வேண்டுமானால் தீக நிகாயத்தின் மூன்றாவது சூத்திரத்தைப் படிக்க வேண்டும். அதைச் சொல்லுவோர் சிலரே. ஆதலின் அதனைச் சற்று விரிவாகவே சொல்லுகிறோம்.

கோசல நாட்டில் இச்சானங்கலம் என்னும் ஊரையடுத்த காட்டில் பகவன் தங்கியிருந்தார். உக்கட்டம் என்னும் ஊரை ஆண்டுவந்த பொக்கரசாதி என்னும் பெரும் பிராமணர், தம் மாணாக்கனாகிய அம்பஷ்டனை அழைத்து, கௌதமர் சொல்லப்படுகிற பெருமை உடையவர்தாமா என்று பார்த்துவரும்படி அனுப்பினார். அம்பஷ்டன் வேதம் கற்றவன், இளைஞன், தேரேறித் தோழர் பலர் சூழ வந்தான். பகவன் அமர்ந்திருக்க, இவன் நின்றும் நடந்தும் ஏதோ இரண்டொரு சொல் உதிர்த்துக்கொண்டிருந்தான். தோழர்கள் முறையாக அமர்ந்து நலம் விசாரித்தார்கள். இவன் மட்டும் அங்ஙனம் செய்யவில்லை.

பகவன் கோபிக்கவில்லை, கண்டுகொள்ளாமலும் இருந்துவிடவில்லை. மூத்த பிராமண ஆசிரியர்களோடு பேசும்போதும் நீ இவ்வாறுதான் பேசுவாயோ என்று வினவினார். இல்லை என்றான் அவன். பிராமணரோடு பேசும் முறை வேறு. மொட்டைத் தலைச் சிறு துறவிகளோடும், கறுத்த ஏவலாட்களோடும், பிரம்மாவின் பாதத்தில் பிறந்தவர்களோடும் பேசும் முறை இதுதான் என்றான். உள்ளே இருந்தது அந்த ஒரு கேள்வியால் வெளியே வந்துவிட்டது. அதுவரை அது நடையிலும் நிற்பிலும் ஒளிந்திருந்த ஏளனம். இப்போது எல்லோரும் கேட்கச் சொல்லப்பட்ட சொல்லாயிற்று.

பிறகு அவன் சாக்கியர் அனைவரையும் இகழ்ந்தான். ஏன் இவ்வளவு வெறுப்பு என்று பகவன் கேட்டபோது அவன் சொன்ன காரணத்தை ஊன்றிக் கவனியுங்கள். ஒருமுறை ஆசிரியரின் காரியமாக அவன் கபிலவஸ்துவுக்குப் போயிருந்தான். அங்கே சாக்கியரின் மன்றத்தில் இளைஞர்கள் உயர்ந்த ஆசனங்களில் அமர்ந்து, ஒருவரை ஒருவர் விரலால் குத்திச் சிரித்துக்கொண்டிருந்தனர். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று இவனுக்குத் தோன்றிற்று. ஒருவரும் இவனுக்கு ஆசனம் அளிக்கவில்லை. அந்தச் சிரிப்பைச் சுமந்துகொண்டு இவன் இச்சானங்கலம் வரையில் வந்திருக்கிறான். ஒருநாள் பட்ட ஏளனம் உள்ளே கிடந்து புழுங்கி, வேறொரு நாளில் வேறொருவர் மீது ஏளனமாக வெளிப்பட்டது. சிறு காடையும் தன் கூட்டில் தன் இஷ்டம்போல் பேசும், கபிலவஸ்து சாக்கியரின் சொந்த இடம், இவ்வளவு சிறியதற்கு மனம் புண்படலாகாது என்று பகவன் அவனுக்கு ஆறுதலே சொன்னார்.

அவன் அடங்கவில்லை. மும்முறை ஏவலாட்கள் என்று இகழ்ந்தான். இனித்தான் பகவன் அவன் கோத்திரம் யாதெனக் கேட்டார். கண்ஹாயனன் என்றான். அப்படியாயின், பழைய மரபின்படி சாக்கியர் ஒக்காக மன்னனின் மக்கள். உன் குலத்து முதல்வனாகிய கண்ஹனோ அதே மன்னனின் பணிப்பெண் திசா பெற்ற பிள்ளை என்றார். தோழர்கள் பதறி, அம்பஷ்டன் உயர்குலத்தவன், கற்றவன், அவனை இவ்வாறு தாழ்த்தலாகாது என்றனர். அவன் கற்றவனாயின் அவனே விடை சொல்லட்டும் என்றார் பகவன். மூன்றாம் முறை கேட்கப்பட்டபின், கேட்டது உண்மைதான் என்று அம்பஷ்டன் ஒப்புக்கொண்டான்.

அந்தக் கணமே என்ன நிகழ்ந்தது? அதுவரை அவனை உயர்த்திப் பேசிய அதே தோழர்கள், இழிபிறப்பாளன், அடிமைப்பெண்ணின் வழித்தோன்றல் என்று ஆரவாரம் செய்தார்கள். எதிராளி வீழ்ந்துகிடக்கிறான்; அவனுடைய கூட்டமே அவனை மிதிக்கிறது; பகவன் ஒன்றும் செய்யாமலிருந்தால் போதும். ஆனால் பகவன் அவ்வாறு இருக்கவில்லை. இவர்கள் இந்த இளைஞனை அளவுமீறித் தாழ்த்துகிறார்கள், இவனை விடுவிக்க வேண்டும் என்று எண்ணினார். அந்தக் கண்ஹன் சிறியவன் அல்லன், தென்னாட்டுக்குச் சென்று மந்திரங்கள் கற்றுத் திரும்பிய மகா முனிவன் என்று எடுத்துரைத்தார். தென்னாடு என்று சூத்திரத்தில் வருவதைப் படிக்கும்போது நம் போன்றோர்க்கு ஒரு மகிழ்ச்சி, அது கிடக்கட்டும். பணிப்பெண் வயிற்றில் பிறந்ததை இழிவாக்கியவர்கள் அம்பஷ்டனும் அவன் தோழர்களும். அந்த இழிவைத் துடைத்தவர் பகவன்.

யாம் இச்சூத்திரத்திலிருந்து எடுத்துக்கொள்வது யாதெனில், ஏளனத்தை அதன் மறைவிடத்திலிருந்து ஒரு கேள்வியால் வெளியே கொணர்வது பகவன் செய்த முதற் காரியம். பொய்ப் பெருமைக்கு எதிரே உண்மையை வைத்தது அடுத்தது. இவ்விரண்டும் சாமர்த்தியமுள்ள எந்த வாதிக்கும் கைகூடும். வென்றபின் எதிராளியின் மானத்தைக் காத்தாரே, அது வாதிக்குக் கைகூடாது. நம் இளைஞர்கள் முதலிரண்டையும் விரைவில் கற்றுக்கொள்கிறார்கள்.

உண்மையை எடுத்து வைப்பதுபற்றி மற்றொரு சூத்திரமும் உண்டு. இராஜகிருகத்துக்கும் நாளந்தாவுக்கும் இடையே பகவன் சங்கத்தோடு நடந்து செல்ல, சுப்பியன் என்னும் பரிவிராஜகன் பின்னே வந்துகொண்டு வழிநெடுகக் குறைகூறிக்கொண்டே வந்தான். மறுநாட் காலையில் பிக்ஷுக்கள் இதைப்பற்றிப் பேசினர். சினங்கொண்டால் பிறர் சொன்னது சரியா தவறா என்றே உங்களால் காணமுடியாமற் போகும் என்று பகவன் சொன்னார். பொய்யாயின், இன்ன காரணத்தால் இது பொய், இது எம்மிடம் இல்லை என்று விளக்கிச் சொல்லவேண்டும் என்றும் சொன்னார். மௌனமாயிருங்கள் என்று சொன்னாரில்லை.

இதை நம் காரியத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். "சலுகைக்காகத்தானே?" என்கிறவனுக்கு யாது விளக்கம்? 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதியார்க்குரிய உரிமை பௌத்தர்க்கு இல்லாதிருந்தது. 1956-இல் நாகபுரியில் பல இலட்சம் மக்கள் தீட்சை ஏற்றபோது, மத்திய அரசின் சலுகையைக் கைவிட்டே ஏற்றார்கள். 1990-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகே அவ்வுரிமை பௌத்தர்க்கும் கிடைத்தது. முப்பத்துநான்கு ஆண்டுகள் இழந்து நின்றவர்களைச் சலுகைக்கு மாறியவர்கள் என்பது எவ்வாறு பொருந்தும்? அந்தத் திருத்தமும், இருந்த உரிமையைத் தொடரவிட்டதேயன்றி, மாறியதற்காகப் புதிதாக ஒன்றையும் கொடுக்கவில்லை. இவ்வளவுதான் விளக்கம். குரலை உயர்த்த வேண்டுவதில்லை. ஆண்டுகளைத் தவறின்றிச் சொன்னாற் போதும். நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர்க்கு இந்த ஆண்டுகள் தெரியும்?

நம் முன்னோர் இவ்வழியை அறிந்திருந்தார்கள். பண்டித அயோத்திதாசர் 1892-ஆம் ஆண்டு சென்னையில் மகாஜன சபைக் கூட்டத்தில், எல்லோர்க்கும் பொதுவென்று சொல்லப்படுகிற சிவன், விஷ்ணு கோயில்களில் எங்கள் மக்களை ஏன் சேர்ப்பதில்லை என்று கேட்டார். தஞ்சையிலிருந்து வந்திருந்த ஒருவர் எழுந்து, உங்களுக்கு மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணனும் இருக்கிறார்கள், சிவனும் விஷ்ணுவும் எங்களுக்குரியவர்கள் என்ற பொருளில் பேசினார். குத்தல்மொழி என்பதற்கு இதனைவிட எடுத்துக்காட்டு வேண்டுமோ? பண்டிதர் சினந்து வெளியேறவில்லை. அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம், எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் எங்கள் குடிகளுக்குத் தரிசு நிலமும் கொடுக்கச் செய்யுங்கள் என்று கோரிக்கையை மாற்றி வைத்தார். அன்று மூடப்பட்ட கதவிலிருந்து திரும்பி நடந்தவர் 1898-இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். கோலார் தங்கவயலின் மாரிக்குப்பம் வரையில் அந்த விளக்கின் ஒளி வந்து சேர்ந்தது.

பாபாசாகிபும் அப்படியே. தீட்சைக்கு மறுநாள், 1956 அக்டோபர் 15 அன்று, நாகபுரியில் ஆற்றிய சொற்பொழிவில் ஒரு பழைய செய்தியை நினைவுகூர்ந்தார். செத்த மாட்டை இழுக்கும் தொழிலை விட்டுவிடுங்கள் என்று அவர் தம் மக்களுக்குச் சொல்லிவந்த காலத்தில், ஒரு பத்திரிகை, கொம்பும் தோலும் எலும்பும் விற்று ஆண்டுக்கு ஐந்நூறு ரூபாய் வரும்படி உள்ளதே, இந்த ஏழைகளை இவர் நஷ்டப்படுத்துகிறாரே என்று இரக்கம் காட்டுவதுபோல் எழுதிற்று. அவ்வளவு இலாபமுள்ள தொழிலாயின் நீங்களே எடுத்துச் செய்யுங்கள், மேற்கொண்டு யானும் பணம் தருகிறேன் என்ற கருத்தில் பாபாசாகிப் விடை சொன்னார். நகைச்சுவை இதில் உண்டு, இழிவுபடுத்தல் இல்லை. இரக்கம் என்று போர்த்திவந்த துணியை மட்டும் அவர் எடுத்துவிட்டார்.

நாம் பாபாசாகிப் அல்லவே, உடனே விடை தோன்றவில்லையே என்பீர்கள். நியாயந்தான். அதற்கு ஓர் எளிய வழியைப் பஞ்சாலையில் ஒரு முதிய நெசவாளியிடம் யாம் கண்டோம். தறிக்கூடத்தின் ஓசையை அறியாதார்க்கு ஒரு சொல்: நூற்றுக்கணக்கான தறிகள் ஒருங்கே ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் பேச்சும் காதில் விழாது. உதட்டசைவையும் கைச்சாடையையும் கொண்டுதான் அங்கே பேச்சு நடக்கும். ஆகவே அங்கே ஏளனமும் உதட்டால் நடந்தது. பெரியவர் பஞ்சசீலம் ஏற்றவர். அவரைப் பார்த்து யாரேனும் உதட்டைச் சுழித்து ஒரு சொல் விட்டால், அவர் தறியை நிறுத்திவிட்டு நேரே அவனிடம் போவார். காதை அவன் வாயருகே கொண்டுபோய், "என்ன தம்பி சொன்னீர்? கேட்கவில்லை. உரக்கச் சொல்லும்" என்பார். சொன்னவன் விழிப்பான். "ஒன்றுமில்லை பெரியவரே" என்பான். "ஒன்றுமில்லையா? சரி" என்று சொல்லி அவர் தம் தறிக்குத் திரும்பிவிடுவார். முகத்தில் கோபமும் இராது, வெற்றியும் இராது. ஒளிந்திருந்து பேசத் தெரிந்த சொல்லுக்கு வெளிச்சத்தில் நின்று பேசத் தெரியாது என்பதை அவர் எந்தச் சூத்திரமும் படியாமலே அறிந்திருந்தார். அந்த ஆலை மூடப்பட்டு நெடுங்காலமாயிற்று, பெரியவரும் மறைந்துவிட்டார்.

ஆனால் எல்லா இடத்திலும் இது செல்லாது. மேலதிகாரியிடமும், வாடகைக்கு விடும் வீட்டுக்காரரிடமும், பிள்ளைக்கு மதிப்பெண் போடுகிற ஆசிரியரிடமும், காதைக் கொண்டுபோய் உரக்கச் சொல்லும் என்று கேட்பதற்குத் துணிவு மட்டும் போதாது. வேலை போனாலும் தாங்கும் நிலையும் வேண்டும். அது இல்லாதவன் அன்று பேசாமல் வந்துவிட்டால் அவனைக் கோழை என்று சொல்லுவது பெரும் அநியாயம். அவனுக்கு வேண்டியது, வந்து சொல்லுவதற்கு ஓர் இடம். சாதியைச் சொல்லி ஒருவர் அறிய இழிவுபடுத்தினால் அதற்கு 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. எது சட்டத்துக்கு உட்படும், எது உட்படாது என்று விவரமறிந்தவர்களைக் கேட்டுத் தெளிய வேண்டும். தனியொருவனாகக் கைகலப்பதைவிட அது மேல்.

இனி, சொல்லுவதற்குக் கசப்பான ஒன்றைச் சொல்லுகிறோம். கபிலவஸ்துவின் மன்றத்தில் விரலால் குத்திச் சிரித்தவர்கள் யார்? பகவனின் சொந்தச் சுற்றத்தார்! நம் விகாரையின் திண்ணையில் அத்தகைய சிரிப்பு இல்லையா? தாலியைக் கழற்றாமல் வருகிற பெண்ணைப் பார்த்து, "அரைப் பௌத்தம்" என்கிறோம். பாட்டி இன்னும் ஆடிமாதத்தில் கூழ் ஊற்றுகிற வீட்டுப் பிள்ளை பஞ்சசீலம் சொல்லும்போது ஒருவரை ஒருவர் கண்ணால் பார்த்துக்கொள்கிறோம். பாலிச் சொல்லைத் தவறாக உச்சரித்தவரைத் திருத்துவது வேறு. திருத்தும்போது பின்வரிசையைப் பார்த்துப் புன்னகைப்பது வேறு. துப்புரவுத் தொழில் செய்கிற நம் சகோதரர், கூட்டம் முடிந்ததும் துடைப்பத்தை எடுக்கப் போனால், "அவருக்குப் பழக்கமான வேலை" என்று ஒருவர் சொன்னதை எம் செவியாலேயே கேட்டோம். அவ்வாறு சொன்னவர் வெளியே பட்ட குத்தல்களை அடிக்கடி எம்மிடம் சொல்லி வருந்துகிறவர். அம்பஷ்டன் அயலூரான் என்று நினைக்க வேண்டாம்.

இளைஞர்கள் சிலர் வேறொன்று செய்கிறார்கள். நம்மை ஏளனம் செய்தார்கள் என்பதற்காகப் பிறருடைய தெய்வங்களை ஏளனம் செய்து பேசுகிறார்கள். அதற்குக் கைதட்டலும் கிடைக்கிறது. பிறப்பால் உயர்வு தாழ்வு சொல்லும் கொள்கையை மறுத்துப் பேசுவது நம் கடமை. பாபாசாகிப் அதை வாழ்நாளெல்லாம் செய்தார். ஆனால் அடுத்த வீட்டு அம்மாள் விளக்கேற்றிக் கும்பிடுவதைக் கேலி செய்வதில் எந்தக் கொள்கை மறுக்கப்பட்டது? அந்த அம்மாள்தான் மழைக்காலத்தில் நம் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவந்தவராகவும் இருப்பார்.

பிள்ளைகள் என்றதும் நினைவுக்கு வருகிறது. பள்ளியில் பட்ட குத்தலைப் பிள்ளை வீட்டில் சொல்லாததற்குப் பெரும்பாலும் காரணம் நாமே. ஒரு தகப்பன், "நீ ஏன் அடிக்காமல் வந்தாய்?" என்கிறான். மற்றொரு தகப்பன், "இதெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாதே, படி" என்கிறான். தாயோ அழுதுவிடுகிறாள். இவற்றில் எதைக் கண்டும் பிள்ளை மறுமுறை வாய் திறவாது. முதலில் முழுதும் கேளுங்கள். என்ன சொன்னார்கள், யார் சிரித்தார்கள், யார் சிரிக்கவில்லை என்று கேளுங்கள். சிரிக்காத பிள்ளை ஒன்றேனும் இருந்திருக்கும். அதன் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வருகிற பௌர்ணமிக் கூட்டத்தில் எம் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டு அரைமணி நேரத்தைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கியுள்ளோம். தாங்கள் கேட்டுவந்த சொற்களை அவர்களே எழுந்து சொல்லுவார்கள். பெரியவர்கள் இடையில் பேசாமல் அமர்ந்திருக்க வேண்டுகிறோம். தாலி அணிந்து வருகிற சகோதரிகளும் முன்வரிசையில் வந்து அமரலாம். பாய்கள் போதிய அளவு போடப்பட்டிருக்கும்.